பனிக்குள்ளிருந்து வந்த ‘வாறன்’

பேய் பிசாசு என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுகிறவள் நான். பயத்தினால் அல்ல, எனக்கு அதில் அக்கறை இருந்ததே இல்லை. உயர்தரத்தில் உயிரியல் படித்தேன், அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன், மகளுக்குக் காய்ச்சல் வந்தால் நூல் கட்ட ஆள் தேடுவதற்கு முன் தேர்மோமீட்டரைத் தேடுவேன். என் பயங்கள் எல்லாம் வேறு வகை. தண்ணீர் சரியாகக் கொதித்ததா, கதவுக்குக் கொக்கி போட்டேனா, மகள் நித்திரையில் மூச்சு விடுகிறாளா, இவைதான். ஆகவே இதை வாசிக்கிறவர்கள், இவள் பதற்றக்காரி, எதையோ கண்டு எதையோ நினைத்திருக்கிறாள் என்று சொல்லக்கூடும். நானும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். பகலில் பெரும்பாலும் நம்பவும் செய்கிறேன்.

நாங்கள் இருப்பது தேற்றாத்தீவில். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் நாங்கள். என் கணவர் வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறவர், கடற்றொழில் செய்பவர் அல்ல. ஆனால் அவருடைய குடும்பம் முழுக்கக் கடலில் பிழைத்தது, ஆகவே ஓய்வு நாள் வந்தால் கையில் மீன்பிடிக்கிற தங்கூசி நூலோடு கரையில்தான் நிற்பார். சிறு வயதில் அவரைத் திருக்கை குத்தியிருக்கிறது, கணுக்காலில் தழும்பு இருக்கிறது. திருக்கை மணலைப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கும், மிதித்தால் வாலால் அடிக்கும், காலைத் தேய்த்துக்கொண்டு போனால் சத்தம் கேட்டு ஒதுங்கிவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் கரையில் மீன் பிடிக்கிற எல்லோருமே தண்ணீருக்குள் காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பார்கள். இவருக்கு அது தரையிலும் ஒட்டிக்கொண்டது. மழை பெய்து முற்றம் நனைந்திருந்தால் போதும், சர் சர் என்று தேய்ப்பார். செருப்பு நீடிப்பதில்லை. “உன்ட மனிசன் நடந்து வாறதக் கேட்டா வீடு கூட்டுறாங்களெண்டு நினைக்கிற” என்று மச்சாள், அதாவது அவருடைய அக்கா, பகிடி பண்ணுவாள்.

மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த விஷயத்தை எனக்குச் சொன்னவள் அவள்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் கரையில் நின்று இவரைச் சாப்பிடக் கூப்பிட வாயெடுத்தேன். மச்சாள் என் கையைப் பிடித்துவிட்டாள். தண்ணீரில் நிற்கிற ஆம்பிளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாதாம். இஞ்சாருங்க என்று சொல், விசிலடி, துணியை வீசு, பெயரை மட்டும் விடாதே என்றாள். நான் சிரித்து, கடலுக்குக் காது இருக்கிறதா என்று கேட்டேன்.

“காது இரிக்கோ என்னவோ, வாய் இரிக்கிதானே. வருசத்துக்கு ஒருக்காத் திறக்கிறதக் காணல்லயா நீ?” என்றாள்.

முகத்துவாரத்தைச் சொன்னாள். எங்கள் ஊருக்குத் தெற்கே, கல்லாற்றுப் பக்கம், மாரியில் வாவி நிறைந்தால் மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாயும் இடம். எனக்கு அது பகிடியாகத்தான் பட்டது. ஆனாலும் சொல்கேட்டு வளர்ந்தவள் நான், பெரியவர்கள் ஒன்றைச் செய்யாதே என்றால் காரணம் பிடிக்காவிட்டாலும் செய்யமாட்டேன். கரையில் மட்டுமல்ல, வீட்டிலும் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கேயும் எழுதவில்லை. மகளின் பெயரையும் எழுதப்போவதில்லை. அதற்குக் காரணம் பிறகு விளங்கும்.

இது நடந்தது மாசி மாதம். மாரி முடிந்து கடல் அடங்கத் தொடங்கும் நேரம், கரையில் நாக்கு மீன் பிடிபடத் தொடங்குவதும் அப்போதுதான். நாக்கைப் போலத் தட்டையாக இருக்கும், இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில், மணலோடு மணலாகக் கிடக்கும். மற்ற மீன்போல வெட்டி இழுக்காது, ஈரத்துணி ஒன்றை யாரோ மெல்லத் தொட்டு இழுக்கிற மாதிரித்தான் நூலில் தெரியுமாம். முள் குறைவு, சதை பஞ்சுபோல. சின்னப் பிள்ளைகளுக்கு முதன்முதலில் கொடுக்கிற மீன்.

மகளுக்கு அப்போது ஒன்றரை வயதுகூட நிரம்பவில்லை. தையில் வந்த காய்ச்சல் விட்டும் சாப்பாடு பிடிக்கவில்லை. எதை ஊட்டினாலும் நாக்கால் தள்ளிவிடுவாள். கிளினிக்கில் நிறுக்கும்போது நிறை இறங்கியிருந்தது. மிட்வைஃப் மிஸ் ஏசவில்லை, ஆனால் ஏசாமல் என்னைப் பார்த்தாள், அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் வேலைக்குத் திரும்பிப் போனதால்தானா, பாலை அவசரப்பட்டு நிறுத்தினேனா என்று ஒவ்வொரு இரவும் எனக்குள்ளே விசாரணை. அடுத்த கிளினிக் நாளன்று காலையில் இவர் சொன்னார், வெள்ளெனப் போவம், முகத்துவாரத்தில நாலு வீச்சு வீசிட்டுப் போனா பின்னேரம் பிள்ளைக்கு நாக்கு மீன் ஆணம் வைக்கலாம் என்று. எனக்கு விருப்பமில்லை. பனியில் பிள்ளையைக் கொண்டுபோவதா என்றேன். பிறகு, மீன் தின்றாலாவது தேறுவாளே என்று நானே ஓம் என்றேன். இதைத்தான் இன்றுவரை திருப்பித் திருப்பி நினைக்கிறேன்.

போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. இருட்டில் நடந்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். கரையில் எங்களைத் தவிர ஆள் இல்லை. மோட்டார் சைக்கிளைத் தாழை மரத்தடியில் விட்டுவிட்டு இவர் சாரத்தை மடித்துக்கட்டி, பையைத் தோளில் போட்டு இறங்கினார். கடலைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் ஒரு மணல்திட்டு தண்ணீருக்குள் நீண்டு கிடந்தது. வலது பக்கத்தில் வாவித் தண்ணீர் கடலுக்குப் பாயும் வாய்க்கால், பச்சை நிறத்தில், சுழித்துக்கொண்டு. இவர் இடப்பக்கம் போனார். போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

“இந்த முறை வெள்ளத்துக்கு மண்ணெல்லாம் இடம் மாறிக் கிடக்கு. ஆழம் எங்க எண்டு ஆருக்கும் தெரியா. நீ பிள்ளையோட தண்ணிக்குக் கிட்டப் போகாத.”

சொன்னவர்தான் போனார், சர் சர் என்று காலைத் தேய்த்துக்கொண்டு. நான் மகளைப் போர்த்திப் பிடித்துக்கொண்டு மணலில் நின்றேன். நூல் நுனியில் கட்டின ஈயத்தைச் சுழற்றி எறிந்தார், நூலை விரலில் சுற்றிக்கொண்டு அசையாமல் நின்றார். கொஞ்சத்தில் ஒன்றை இழுத்தெடுத்து எனக்குக் காட்டினார், பிறகு இன்னொன்று. மகள் கை தட்டினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். நம்பினால் நம்புங்கள், அந்த நிமிஷம் நான் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு நின்றேன்.

பனி வாவிப் பக்கத்திலிருந்து வந்தது. மாசிப் பனி எங்களுக்குப் புதிதல்ல, வட்டையில் வயல் முழுக்க மூடிக் கிடப்பதைப் பஸ்ஸிலிருந்து எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். ஆனால் அது விடியமுன் இறங்கி வெயிலுக்குக் கலைகிற பனி. இது விடிந்த பிறகு, தண்ணீரோடு சேர்ந்து, முகத்துவாரத்தால் கடலை நோக்கி ஊர்ந்து போனது. முதலில் இவருடைய கால் மறைந்தது, பிறகு இடுப்பு, பிறகு ஆளே இல்லை. திரும்பிப் பார்த்தால் மோட்டார் சைக்கிளும் இல்லை. அலைச் சத்தம் மட்டும் எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டது.

வருவார்தானே என்று கொஞ்சம் பார்த்தேன். வரவில்லை. கூப்பிட்டேன், “இஞ்சாருங்க” என்று. பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பஞ்சுக்குள் பேசினது போல இருந்தது. தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று எனக்குப் பார்க்கத் தெரியாது. நீந்தவும் தெரியாது. பிள்ளையை மணலில் விட்டுவிட்டு இறங்குவதா, பிள்ளையோடு இறங்குவதா, ரோட்டுக்கு ஓடி ஆள் கூப்பிடுவதா, ஓடினால் இவர் வந்து எங்களைத் தேடித் திரும்பவும் தண்ணீரில் இறங்கிவிட்டால்? ஒன்றும் செய்யாமல் நின்றேன். அந்த நேரத்தில் இவருடைய பெயர் என் வாய்வரைக்கும் வந்தது. மனதுக்குள் கத்தினேன் என்றே சொல்லலாம். ஆனால் வாயால் சொல்லவில்லை, அதைச் சத்தியமாகச் சொல்வேன். “இஞ்சாருங்க” என்றுதான் மூன்றாவது தரமும் கூப்பிட்டேன்.

“வாறன்” என்று பதில் வந்தது.

இவருடைய குரல். வா-வைக் கொஞ்சம் இழுத்து, அலுப்போடு சொல்வாரே, அதே மாதிரி. கூரையில் ஏறி நின்று வேலை செய்யும்போது நான் தேத்தண்ணி ஊற்றிவிட்டுக் கூப்பிட்டால் வருமே, அதே ‘வாறன்’. எனக்கு உயிர் வந்தது. குரல் வலப்பக்கத்திலிருந்து வந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பனியில் திசை தெரியாமல் சுற்றி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பனிக்குள் ஒரு ஆள் தெரிந்தது. இவருடைய உயரம், மடித்துக்கட்டின சாரம். முகம் தெரியவில்லை, ஆனால் நான் பத்தடியில் நிற்கிற யாருடைய முகத்தையும் அந்தப் பனியில் கண்டிருக்க முடியாது. தண்ணீர் முழங்காலளவு. தோளில் பை இல்லை. கையில் நூல் இல்லை. விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இப்படி ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கிருந்து வந்தாலும் இவர் முதலில் மகளைத்தான் வாங்குவார். அதே மாதிரி இரண்டு கையும் நீண்டது. மகள் சிரித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். நான் தண்ணீர் விளிம்புவரை நடந்து போனேன். மகளைக் கையிலிருந்து தூக்கி நீட்டவும் தொடங்கிவிட்டேன். அந்த ஆளும் எங்களை நோக்கி வந்தது.

அப்போதுதான் தெரிந்தது. காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. ரோட்டில் நடக்கிற மாதிரி, ஒவ்வொரு காலாக எடுத்து. சர் என்ற சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை.

எங்கள் ஊரில் தண்ணீருக்குள் அப்படி நடக்கிற ஆள் இல்லை. இவர் குளியலறையில்கூட அப்படி நடக்கமாட்டார்.

நான் பின்னால் போகவில்லை. போக முடியவில்லை என்பதுதான் சரி. மகளை இழுத்து அணைத்தேன், அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது. கால் மணலுக்குள் இறங்கி இறுகிக் கிடந்தது. மகள் என் நெஞ்சில் கையை ஊன்றித் தள்ளினாள், காய்ச்சலில் இளைத்த பிள்ளைக்கு அவ்வளவு பலம் எப்படி வந்தது என்று தெரியாது. “இஞ்சாருங்க” என்றேன் மறுபடியும். வேறு என்ன சொல்வதென்று தெரியாததால் சொன்னேன்.

“வாறன்” என்றது. ஆனால் வரவில்லை, நின்றது. கை நீட்டியபடியே இருந்தது. மகள் “ஆ...” என்று அழ வாயைத் திறந்தாள்.

“வாறன்.”

அது மகளுக்குச் சொன்ன பதில். அதே அலுப்பு, அதே இழுவை, துளி வித்தியாசம் இல்லை. அவள் ஒவ்வொரு தரம் சத்தம் போடும்போதும் அது வாறன் என்றது. நான் அவளுடைய வாயைக் கையால் பொத்தினேன். ஒரு தாய் தன் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். கத்தினாலும் கேட்க ஆள் இல்லை, கத்தாவிட்டால் இவர் எங்கே என்று தெரியாது.

பிறகு இடப்பக்கத்தில் சர்... சர்... என்று கேட்டது. தண்ணீரைத் தேய்த்துக்கொண்டு, வேகமாக. நான் அந்தப் பக்கம் திரும்பினேன். பனிக்குள்ளிருந்து இவர் வந்தார், நெஞ்சுவரை நனைந்து, பை தோளில், நூல் கையில் தாறுமாறாகச் சுற்றியபடி. மறுபடி வலப்பக்கம் பார்த்தபோது பனி மட்டும்தான் இருந்தது.

இவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகளை வாங்கவும் இல்லை. “ஏறு” என்றார். மோட்டார் சைக்கிளைத் தேடிப்பிடித்து ஏறினோம். ரோட்டுக்கு வந்தால் நல்ல வெயில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள், பனி வந்த அடையாளமே இல்லை.

கிளினிக்குக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை நிறுத்தினார். திரும்பாமலே கேட்டார், “நீ என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டியா?”

“இல்ல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“இல்லீங்க. நான் எப்ப உங்கட பேரச் சொன்ன?”

பிறகு சொன்னார். பனி மூடினதும் என் குரல் கேட்டதாம், பெயர் சொல்லி. ஒருநாளும் சொல்லாதவள் சொல்கிறாளே, பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது என்று அந்தக் குரலை நோக்கி விழுந்தடித்து நடந்தாராம். தண்ணீர் இடுப்புக்கு வந்து நெஞ்சுக்கு வந்த பிறகும் குரல் முன்னால்தான் கேட்டது. தேய்த்துக்கொண்டு போன கால் திடீரென்று ஒன்றுமில்லாத இடத்தைத் தொட்டதாம். மணல் அங்கே வெட்டினது போல முடிந்திருந்தது. காலைத் தூக்கி வைத்திருந்தால் போயிருப்பார். அங்கே நின்றபோதுதான் உறைத்ததாம், குரல் வருவது கரையிலிருந்து அல்ல, கடல் பக்கத்திலிருந்து என்று.

“கிட்டக் கேட்டிச்சு புள்ள. இந்தா, நீ இப்ப இருக்கிற தூரம். பின்னால கிறுகிப் பாக்காம வந்திட்டன்.”

நான் கண்டதைச் சொன்னேன். எந்த இடம் என்று கேட்டார். வலப்பக்கம், முழங்காலளவுத் தண்ணீரில் என்றேன். அவர் தலையை ஆட்டினார், நம்பாமல் அல்ல. அது வாய்க்கால், அங்கே ஆள் நிற்க ஏலாது என்று மட்டும் சொன்னார்.

இப்போது நீங்கள் சொல்லக்கூடியதெல்லாம் எனக்குத் தெரியும். குளிர்ந்த காற்றில் சத்தம் தண்ணீரில் பட்டு வேறு திசையிலிருந்து கேட்கும், பனியில் நிழல் ஆள்போலத் தெரியும், நானும் இதையெல்லாம் தேடி வாசித்தேன். குரல் திசை மாறலாம். ஆனால் நான் சொல்லாத பெயராக எப்படி மாறும்? மனதுக்குள் கத்தினேன் என்றேனே, அதைத்தான் எதுவோ எடுத்து அவருக்குச் சொன்னதா? அப்படியென்றால் அவரை ஆழத்துக்குக் கூப்பிட்டது என் குரல்தானா? இதை நான் அவரிடம் இன்னும் கேட்கவில்லை.

அந்த இரண்டு மீனையும் சமைக்க எனக்குக் கை வரவில்லை. மச்சாள்தான் தோலுரித்து, தேங்காய்ப்பால் விட்டுத் தண்ணியாக ஆணம் வைத்தாள். என்ன நடந்தது என்று கேட்டவளுக்கு, பனியில் பயந்துவிட்டேன் என்றேன். “படிச்ச புள்ளையும் பயப்பிடுறகா” என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். மகள் அந்த ஆணத்தில் பிசைந்த சோறு முழுவதையும் சாப்பிட்டாள். அன்றிலிருந்து தேறினாள், அடுத்த கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் சந்தோஷப்பட்டாள். நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

இவர் அதற்குப் பிறகு அந்த முகத்துவாரத்துக்குப் போவதில்லை. இது அதோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்கமாட்டேன்.

மகள் பேசத் தாமதித்தாள். ம்மா, ப்பா இரண்டும்தான். சித்திரைக்குப் பிறகு ஒருநாள் முற்றத்தில் சிரட்டையோடு விளையாடிக்கொண்டிருந்தவள், யாரும் கூப்பிடாமல், தலையை நிமிர்த்திக் கிழக்கே பார்த்து “வாறன்” என்றாள். தெளிவாக, வா-வை இழுத்து. அப்பா சொல்வதைக் கேட்டுப் பிள்ளை சொல்கிறது என்று டாக்டர் சொன்னார், நியாயம்தான். வேலிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். வீட்டுக்கு வெளியே அவளுடைய பெயரைச் சொல்வதை நிறுத்தினேன். கடலுக்கு அது தெரியக்கூடாது என்று, உயிரியல் படித்த நான். ஆனால் மனதுக்குள் சொல்லாமல் எந்தத் தாயால் இருக்க முடியும்?

போன கிழமை நான் அவளுக்குப் பின்னால், குசினி வாசலில், அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. அவள் சிரட்டையை வைத்துவிட்டு எழுந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பூட்டின கதவைப் பிடித்துக் கடல் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

“வாறன்மா.”